மடியில் கனம்

(இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஹட்டன் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை ஒருவர் தொலைபேசி எடுத்தார். "ஏன் தம்பி, கொழுந்து விலையைப் பேசலாம், நாட்சம்பளத்தைப் பேசலாம், ஒழுகுற லயத்துக் கூரையைப் பேசலாம். கைத்துவக்கைப் பேசுறதுக்கு டிக்கோயாவில யாருகிட்ட இருக்கு கைத்துவக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் என் அலுவலகத்துக்கு வந்த இளைஞர் ஒருவர்தான் இந்தத் தலைப்பைக் கொடுத்தார். ஹட்டனில் சிறிய கடை வைத்திருக்கிறார். மாலையில் கடைக்காசை எடுத்துக்கொண்டு தனியாக வீடு திரும்புகிறவர். கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிஸ்டல் ஒன்று. அமெரிக்கர் ஒருவர் அதை இடுப்பில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்டு, இப்படித் திரும்புகிறார், அப்படித் திரும்புகிறார். இருப்பதே தெரியவில்லை. "சேர், இப்படி ஒண்ணுக்கு லைசன்ஸ் எடுக்க வழி இருக்கா? இடுப்புல இருந்தா பயமில்லாம போய் வரலாமே" என்றார்.

முதல் பார்வையிலேயே மயங்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சாமான் மயக்குவதற்காகவே செய்யப்பட்டது. அவருக்கு அன்றைக்குச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள் தம்பி.

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். இந்த மலைகளில் ஆட்சி செய்த துவக்கு ஒளிந்திருந்த துவக்கு அல்ல. 1900ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை இங்கே அமைக்கப்பட்டது. சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்று பெயர். கண்டியில் தலைமையகம். அதில் இருந்தவர்கள் ஐரோப்பியத் துரைமாரும் சின்னத்துரைமாரும்தான். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே மனிதர், காக்கி உடுத்தி ரைபிளோடு அணிவகுப்பிலும் நின்றார். முதலாம் உலகப் போருக்கு அந்தப் படையில் இருந்து ஒரு பகுதி எகிப்துக்கும் பிறகு கலிப்பொலிக்கும் போனது. 1949இல் படை கலைக்கப்பட்டது. ஆக, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், சம்பளப் புத்தகமும் ரைபிளும் ஒரே பங்களாவுக்குள் இருந்தன. நாலு கிலோ எடையுள்ள நீளத் துவக்கை யாராலும் மறைக்க முடியாது. மறைக்கவும் அவர்கள் விரும்பவில்லை. ஆயிரம் பேர் வேலை செய்கிற தோட்டத்தில் வெள்ளைக்காரர் இரண்டு மூன்று பேர். அந்த ஆயிரம் பேருக்கும் துவக்கு தெரிந்தால்தான் அதற்குப் பயன். வெடிக்கவே வேண்டியதில்லை. சுவரில் தொங்கினாலே போதும், பங்களா அப்பு பார்த்துவிட்டு வந்து லயத்தில் சொல்லிவிடுவார்.

வெடித்த நாட்களும் உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை ஆணைக்குழுவில் அவருடைய மனைவிக்காக ஆஜரானவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பறித்துப் பிறருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று எதிர்த்து நின்ற கூட்டத்தில், டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் பொலிஸ் வெடிபட்டு விழுந்தார். இந்தக் கதைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். நம்மவரைக் கொன்ற அந்தத் துவக்குகள் பகலில், எல்லோரும் பார்க்க, சீருடைக்காரர் கையில் இருந்தவை. யார் சுட்டது, எந்த அதிகாரத்தில் சுட்டது என்று கேட்க முடிந்தது. நீதி கிடைத்ததா என்பது வேறு கதை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான்.

இப்போது நம் தம்பியின் சின்னப் பிஸ்டலுக்கு வருவோம்.

துவக்கைச் சிறிதாக்கி மடியில் ஒளிக்கும் ஆசை பழையது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கொல்லர் ஹென்றி டெரிஞ்சர் செய்த பொக்கெட் பிஸ்டல் ஒன்றுதான் 1865 ஏப்ரல் 14இல் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது. ஒரே ஒரு வெடி. தப்பினால் மறுபடி மருந்து நிரப்ப நேரம் இல்லை. அந்த ஒரு வெடிக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் யூட்டா மாநிலத்து ஜோன் பிரௌனிங். துவக்குக் கொல்லரின் மகன். அவர் வரைந்த வடிவங்களைப் பெல்ஜியத்தில் லீயேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எஃப்.என். ஆலை செய்து விற்றது. 1900இல் வந்த மொடல் தட்டையானது, சட்டைப்பையில் போகும், ஏழு ரவை கொள்ளும், ஒரு வெடி போனதும் அடுத்த ரவை தானாக ஏறும். அது லட்சக்கணக்கில் விற்றது. 1906இல் இன்னும் சின்னது, 1910இல் இன்னும் வழுவழுப்பானது. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது அந்த 1910 மொடல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செதுக்கல் வேலை. 1950இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் ஐந்து ரவை கொள்கிற குட்டி ரிவோல்வரை வெளியிட்டது. 2018இல் சிக் சோவர் நிறுவனத்தின் பி365 வந்தது. தம்பி காணொளியில் பார்த்தது அந்த இனம். நீளம் 15 சென்றிமீற்றருக்குள், தடிப்பு ஓர் அங்குலம் அளவு, எடை அரைக் கிலோ. அதற்குள் 9 மில்லிமீற்றர் ரவை பத்து, குழலில் ஒன்று. முன்பெல்லாம் அந்த அளவுத் துவக்கில் ஆறு ஏழு ரவைதான் அடங்கும். மகசினுக்குள் ரவைகளை இரட்டை வரிசையாக நெருக்கி, மேலே வரும்போது ஒற்றையாகக் குறுக்கிய கெட்டித்தனம் அது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மெச்சத்தான் வேண்டும். கெட்ட சாமான் என்பதற்காக வேலைப்பாட்டைக் குறைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

நான் அப்படி ஒரு சின்னப் பிஸ்டலைக் கையில் எடுத்தது நீதிமன்றத்தில். சான்றுப்பொருள். அரக்கு முத்திரை வைத்த காகித உறை, கயிறு, அரச பகுப்பாய்வாளரின் இலக்கச் சீட்டு. உறையில் இருந்து அதை எடுத்து மேசையில் வைத்தபோது என் மனதில் முதலில் எழுந்தது, "இவ்வளவுதானா?" என்பதுதான். கதை முழுக்கக் கேட்டு, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்து, கண்ணீரோடு நின்ற தாயைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வந்தவனுக்கு அந்தச் சாமான் ஏமாற்றமாக இருந்தது. நீதிபதியின் அனுமதியோடு தூக்கிப் பார்த்தேன். அளவுக்கு மீறிய கனம். மூன்று விரல் பிடித்தால் பிடி முடிந்துவிடுகிறது, சுண்டுவிரலுக்கு இடமில்லை. அது காற்றில் தொங்குகிறது. ஓரங்களெல்லாம் உருட்டி மழுக்கியிருந்தன, துணியில் சிக்காமல் வெளியே வருவதற்காக. மேலே குறிபார்க்கும் முனை ஒரு குன்றிமணி அளவு. அதுவும் மழுக்கித்தான் இருந்தது.

அன்று சாட்சி சொன்ன நிபுணரிடம் எதிர்த்தரப்புக்காகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். குழல் குட்டையானால் பின் குறிக்கும் முன் குறிக்கும் இடையிலான தூரம் குறைகிறது. கை மயிரிழை அசைந்தாலும் இலக்கில் அது சாண் கணக்காகிவிடும். ரவை பெரிய துவக்கில் போடுகிற அதே ரவை, துவக்கோ பாதி எடை. ஆகவே உதை முழுவதும் மணிக்கட்டுக்கு வருகிறது. மருந்து முழுக்க எரிவதற்குள் ரவை குழலை விட்டு வெளியேறிவிடுவதால் எரிகிற மிச்சம் வாயில் பெரிய சுவாலையாகத் தெரியும், சத்தமும் காதைப் பிளக்கும். மேலே இழுத்துவிடுகிற சிலைட்டுக்கு உள்ளே விறைப்பான சுருள்வில் இருப்பதால் பழகாதவர், வயதானவர், கையில் பலம் குறைந்தவர் அதை முழுதாக இழுக்கவே திணறுவார்கள். பாதி இழுபட்டால் ரவை சிக்கிக்கொள்ளும். சுருங்கச் சொன்னால், பழகியவருக்கே சிரமம் தரும் சாமானைத்தான் "பெண்களுக்கும் முதியவருக்கும் ஏற்றது" என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். சிறியது ஆகவே சுலபமானது என்று கண் சொல்கிறது. கை வேறு கதை சொல்கிறது.

இன்னொரு தடவை பார்த்தது டெக்சாசில். என் மனைவியின் தம்பி அங்கே குடியுரிமை பெற்று இருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவிய பிறகு மகசினைக் கழற்றி, சிலைட்டை இழுத்து, குழலுக்குள் இரண்டு முறை பார்த்து, ஒரு துவாலையில் வைத்துக் காட்டினார். தொட வேண்டாம் என்று நானே சொன்னேன். விருந்தாளி விசாவில் போகிறவன் துவக்கு வைத்திருப்பதை அந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம், வேட்டை அனுமதி போன்ற சில விலக்குகள் தவிர, தடுக்கிறது. சட்டத்தரணி அங்கே போய் வழக்கில் மாட்டினால் நன்றாகவா இருக்கும்? அவர் சிரித்தார்.

ஆனால் அந்தப் பயணத்தில் நான் துவக்கைவிட அவரைத்தான் கவனித்தேன். முன்பு சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டுகிற மனிதர். இப்போது சட்டை எப்போதும் வெளியே, ஒரு அளவு பெரியதாக. உட்காரும்போது ஒரு தடவை, எழும்பும்போது ஒரு தடவை, சட்டை நுனியைத் தொட்டு இழுத்துவிடுகிறார். உணவகத்தில் வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியைத்தான் பிடிப்பார். கடைக்குள் போகுமுன் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் மறைத்துக் கொண்டுவருவதை ஒரு கடைக்காரர் தடுக்க விரும்பினால் தண்டனைச் சட்டத்தின் 30.06ஆம் பிரிவைச் சொல்லிப் பலகை வைக்க வேண்டும். பலகை இருந்தால் திரும்ப வண்டிக்குப் போய், பூட்டிவைத்துவிட்டு வர வேண்டும். பிள்ளையைத் தூக்கினால் வலப்பக்கம் தூக்க மாட்டார். பெருநாளில் உறவுக்காரர் கட்டித் தழுவ வந்தால் ஒரு கையால் தோளைத் தட்டி நிறுத்திவிடுவார். அக்கா வந்து கட்டிப்பிடித்தபோதுகூட அப்படித்தான். என் மனைவி அன்றிரவு இதைப் பற்றித்தான் பேசினாள், துவக்கைப் பற்றி அல்ல.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் கிழவிகள் பணத்தைப் பற்றிச் சொன்னார்கள். பயம் போவதற்காக மடியில் கனத்தைக் கட்டிக்கொண்ட மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

சரி, அவருக்குத் திருடன் வந்தால் உதவுமா, உதவாதா? சில வேளை உதவும். அப்படி உதவிய சம்பவங்கள் அந்த நாட்டில் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கை யோசித்துப் பாருங்கள். துரையின் ரைபிள் தெரிந்ததால் மிரட்டியது. மறைத்த துவக்கு தெரியாது. ஆகவே மிரட்டாது. திருடனுக்கு நீங்கள் துவக்கு வைத்திருப்பது தெரியாதபோது அவன் ஏன் விலகிப் போகப் போகிறான்? அவன் வந்து, கத்தியையோ துவக்கையோ நீட்டிய பிறகுதான் உங்கள் கை சட்டைக்குள் போகும். நாள், நேரம், இடம் மூன்றையும் தெரிவு செய்தவன் அவன். நீங்கள் தெரிவு செய்தது எதுவும் இல்லை. மறைப்பதால் வருகிற ஒரே அனுகூலம் திடீரென்று எடுப்பதுதான். அந்தத் திடீர் முதலில் கை நீட்டுகிறவனுக்குச் சொந்தம்.

நம் வரலாற்றில் மறைத்த கைத்துவக்கு பேர் வாங்கிய இடங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாம் அப்படித்தான்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்தி. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போக முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு மேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்து பிரௌனிங். கடல் கடந்து அந்தத் துவக்கு எந்த வழியாக வந்தது என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து வழி ஒன்று தெளிவாகத் தெரியும். 1909இல் சாவர்க்கர் லண்டனில் இருந்து இருபது பிரௌனிங்குகளை ஒரு பெட்டியின் கள்ள அடித்தட்டில் வைத்து அனுப்பினார். அதில் ஒன்று அந்த ஆண்டு டிசம்பர் 21இல் நாசிக் கலெக்டர் ஜாக்சனை நாடகக் கொட்டகையில் கொன்றது. வெள்ளை அரசின் ஆயுதச் சட்டம் ஊர்மக்களிடம் இருந்து நீளத் துவக்குகளைப் பறித்து வைத்திருந்த நேரத்தில், ஒரு ரொட்டித் துண்டு அளவு சாமானைச் சோதித்துப் பிடிக்க அதற்குக் கை போதவில்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் தூரம் இல்லை என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தான் கப்பல் ஓட்டியது. கங்காணிமார் நம் பாட்டன்மாரைக் கூட்டிவந்த கடல்வழிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கம்பெனியை நசுக்கியதில் தூத்துக்குடியில் அப்போது அதிகாரியாக இருந்த ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கோபம் மணியாச்சியில் வெடித்த காரணங்களில் ஒன்று. வாஞ்சியை வீரர் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் இருக்கும் சாதி, சமயப் பற்றைச் சுட்டிக்காட்டிச் சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. இன்றைக்கு நான் அந்த வழக்கை எடுக்கவில்லை. பார்க்கச் சொல்வது கைகளின் நிலையை: ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் ஏறி வருகிறார்.

அடுத்தது 1959 செப்டெம்பர் 25. கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ், பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் வீட்டு விறாந்தை. தல்துவே சோமாராம என்ற பிக்கு வந்திருந்தார். ஆயுர்வேதக் கண் மருத்துவர். வீட்டுக்கு வந்த பிக்குவைச் சோதிக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. பிரதமர் குனிந்து வணங்கினார். சீவரத்துக்குள் இருந்து ரிவோல்வர் வந்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரரிடம் துவக்கு இருந்தது, அவர் சுட்டார், சோமாராம காயப்பட்டார். ஆனால் அது பிரதமர் விழுந்த பிறகு. மறுநாள் காலை பிரதமர் இறந்தார். மரண தண்டனையை 1958இல் இடைநிறுத்தியது அவருடைய அரசாங்கமே. அவர் இறந்த சில மாதங்களுக்குள் அது திரும்ப வந்தது. 1962 ஜூலையில் சோமாராம தூக்கில் ஏற்றப்பட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் அந்த ரிவோல்வரின் சத்தம் டிக்கோயாவில் கேட்கவில்லை என்று நினைத்தால் தவறு. கணவர் இறந்ததால் அரசியலுக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலையில் பிரதமரானார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு கையெழுத்திட்டார். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ நீலகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள்? ரிவோல்வர் வெடித்ததால்தான் ஒப்பந்தம் வந்தது என்று சொல்ல வரவில்லை. நம்மை நாடற்றவராக்கிய சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. நேருவோடு பேச்சும் அந்தக் கொலைக்கு முன்பே நடந்தது. சுட்டவருக்கும் சுடுவித்தவர்களுக்கும் மலைநாட்டைப் பற்றி ஒரு நினைப்பும் இருந்திருக்காது என்பதைத்தான் சொல்கிறேன். ஒரு விறாந்தையில் மூன்று நான்கு அடி தூரத்தில் நடந்தது, யார் நாடாள்வது என்பதை மாற்றி, தலைமன்னார்க் கப்பல்வரை வந்து சேர்ந்தது.

கடைசியாக, புதுக்கடை. 2025 பெப்ரவரி 19. பாதாள உலகப் புள்ளி என்று பொலிசார் சொல்லிவந்த ஒரு விளக்கமறியல் கைதியை பூசாச் சிறையில் இருந்து கொழும்பு நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டத்தரணி வேடத்தில் இருந்த ஒருவர் நீதிமன்றத்துக்குள்ளேயே அவரைச் சுட்டுக் கொன்றார். ரிவோல்வரை ஒரு பெண், பக்கங்களை வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார் என்பது பொலிசார் சொன்ன விவரம். வழக்கு இருப்பதால் யார் குற்றவாளி என்பதை நான் பேசக் கூடாது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம். குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, பிணை மனுப் பக்கத்தில் தேநீர்க் கறையோடு. அந்தப் பருமன் புத்தகத்துக்குள் குட்டி ரிவோல்வர் சிரமமில்லாமல் அடங்கும். அதற்காகத்தான் துவக்கு அந்த அளவில் செய்யப்படுகிறது. அன்று நீதிமன்ற வளாகத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்களுக்குக் குறைவிருக்கவில்லை. அவர்களுடைய துவக்குகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. புத்தகம் தெரிந்தும் தெரியவில்லை. அதன் பிறகு கறுப்புக் கோட்டுப் போட்ட எங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பையைத் திற, புத்தகத்தைப் புரட்டு என்கிறார்கள். திட்டிக்கொண்டே திறக்கிறோம்.

தம்பி கேட்ட சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. நம் நாட்டில் துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பல முறை திருத்தியது. 1996ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கான ஷொட்கன் அனுமதி மாவட்டச் செயலகம் வழியாக. பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டு என்பதைக் காட்ட வேண்டும், பொலிஸ் அறிக்கை வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் அரசியல்வாதிகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான். 2024இல் அமைச்சு, தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகளையெல்லாம் மீளாய்வு செய்ய வேண்டும், நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசரையில் உள்ள கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படையுங்கள் என்று அறிவித்தது. பிறகு தவணையும் நீட்டினார்கள். ஒப்படைக்கச் சொன்னதை எதிர்த்துப் பெரிய மனிதர் சிலர் புலம்பியதை நான் காதால் கேட்டேன். அவர்களில் ஒருவரிடம் "எத்தனை வருஷமா வச்சிருந்தீங்க, எத்தனை தரம் எடுத்தீங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

எடுத்திருந்தால்தான் அவருக்கு என் போன்றவர் தேவைப்பட்டிருப்பார். தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவில் இருந்து தற்காப்பு உரிமை வருகிறது. நல்ல உரிமை. ஆனால் எல்லையுள்ள உரிமை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பொலிசின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை எழாது. கடைக்காசைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு வந்தால், தம்பி, கூண்டில் நிற்பது நீங்கள். அப்போது உங்களுக்காக நான் ஆஜராவேன், கட்டணமும் வாங்குவேன், வெல்வேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கேயும் இது எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. வாஞ்சி சுட்ட அதே 1911இல்தான் நியூயோர்க் மாநிலம் சலிவன் சட்டம் கொண்டுவந்து, மறைத்துவைக்கக்கூடிய துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்றது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஏற்பாடு ஓடியது. 2022 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், வெளியில் கொண்டுசெல்ல விசேட காரணம் காட்டச் சொன்ன பகுதியை அடித்துவிட்டது. டெக்சாசில் 2021 செப்டெம்பரில் இருந்து அனுமதிப்பத்திரமே தேவையில்லை. அவர்கள் நாடு, அவர்கள் அரசியலமைப்பு. நமக்கு அந்த வரலாறும் இல்லை, அந்த உரிமையும் இல்லை. காணொளி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

நம்மிடம் உள்ள மறைத்த துவக்கு வேறு. ஊர்ப்பட்டறையில் குழாயை வெட்டிச் செய்கிற கல்கட்டாஸ் ஒன்று. அது எதிரே நிற்பவனைவிடப் பிடித்திருப்பவனின் கையைப் பதம் பார்ப்பது உண்டு. மற்றது கட்டுத் துவக்கு. காட்டுப்பன்றி வருகிற தடத்தில் குழலைப் புதருக்குள் கட்டி, கம்பியைக் குறுக்கே இழுத்து விடுகிறார்கள். பன்றி உயரத்துக்குக் கட்டுவதால் மனிதனுக்கு முழங்காலில் படுகிறது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இதன் தம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை செத்ததை எல்லோரும் பத்திரிகையில் பார்த்தோம். வைத்தவன் பெயர் சொல்ல முன்வருவதில்லை. விறகு பொறுக்கப் போன பெண் முழங்கால் சிதறிக் கிடந்தாலும் அதே மௌனம்தான்.

தம்பிக்கு என் பதில் இதுதான். காசை ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தனியாகக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து போங்கள். பகலிலேயே வங்கியில் போடுங்கள். விண்ணப்பம் போடத்தான் வேண்டும் என்றால் போட்டுத் தருகிறேன், நிராகரித்துக் கடிதம் வரும்.

முடிக்குமுன் பெரியவர்களுக்கு ஒரு விஷயம். அப்பாவோ தாத்தாவோ பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எடுத்த ஷொட்கன், அவர் இறந்த பிறகும் பரண்மேல் சாக்கில் சுற்றிக் கிடக்கிற வீடுகள் சில இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் அவர் பெயரில். அவர் போனதும் அது உங்கள் கையில் அனுமதியில்லாத துவக்கு. பொலிசுக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அறிவித்து ஒப்படையுங்கள். வாரிசு ஒருவர் தேவையென்றால் தன் பெயரில் அனுமதி கோரலாம். இறப்புச் சான்றிதழையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரை முதலில் பாருங்கள். துவக்கைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு யாரும் என் அலுவலகத்துக்கு வந்துவிடாதீர்கள், கடிதம் மட்டும் போதும்.